சிதறல் போட்ட ரவை ஆளைக் கண்டா மட்டும் ஒரே வரிசையில போகுது (ஜிஇசட்-டூம் மாட்)

புளியரைக்காரன் | சனி, இரவு 9:48

அண்ணாச்சிமாரே, ஒரு உதவி.

ஜிஇசட்-டூம்ல, அதான் பழைய டூம் சுடுற கேமை ஓட்டுற இஞ்சின்ல, பதிமூணு கண்ணறைப் பாலத்தை வச்சு ஒரு மேப் செஞ்சுக்கிட்டு இருக்கேன். ஆரியங்காவு தாண்டி தென்மலை போற வழியில ரோட்டை ஒட்டி நிக்குமே, அதேதான். மேல தண்டவாளம், கீழ கழுதுருட்டி ஆறு, நடுவுல 13 வளைவு. வளைவுக்கு ஒருத்தன் ஒளிஞ்சு நிப்பான். ஆயுதம் நாட்டுத் துப்பாக்கி. விசையை ஒரு தடவை இழுத்தா 7 ரவை கிளம்பணும். ஹிட்ஸ்கேன் (சுட்ட நொடியே படுறது) எனக்கு வேண்டாம், ரவை பறக்குறது கண்ணுக்குத் தெரியணும். அதனால புரொஜெக்டைல்.

போட்டிருக்குறது இதுதான் (எஃப்ரேண்டம்னா ரெண்டு எண்ணுக்கு நடுவுல ஏதோ ஒண்ணு; முதல்ல இருக்குறது பக்கவாட்டு ஆங்கிள், கடைசி மேல்-கீழ்):

ஃபார் (இன்ட் ஐ = 0; ஐ < 7; ஐ++)
ஏ_ஃபயர்புரொஜெக்டைல்("நாட்டுரவை", எஃப்ரேண்டம்(-4, 4), ஐ == 0, 0, 0, 0, எஃப்ரேண்டம்(-4, 4));

செவுத்துல சுட்டா நல்லா சிதறுது. எதிர்ல ஆள் நின்னா 7 ரவையும் படுக்கை வசத்துல ஒரே வரிசையா போகுது, மேல கீழ எதுவும் கிடையாது. இன்னொரு கூத்து என்னன்னா, அத்தான் கம்ப்யூட்டர்ல இதே ஃபைல் ஒழுங்கா ஓடுது. வெர்ஷனும் ஒண்ணுதான்.


கொழிஞ்சாம்பாறை | சனி, இரவு 10:05

ஏனுங்க தம்பி, செட்டிங்ஸ்ல ஆட்டோஎய்ம் (கேம் தானே குறி வச்சுக் குடுக்கறது) எவ்வளவு வச்சிருக்கீங்க? அத்தான் எவ்வளவு வச்சிருக்காருன்னும் பாருங்க.


புளியரைக்காரன் | சனி, இரவு 10:11

என்கிட்ட முழுசா இருக்கு. அவன் சைபர்ல வச்சிருக்கான். இதுக்கும் அதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?


மூணாறு_ரெண்டாம்_ஷிஃப்ட் | சனி, இரவு 10:40

எல்லாச் சம்பந்தமும் அதுலதான் இருக்கு.

நீ ஃபயர்புரொஜெக்டைலைக் கூப்பிட்டதும் இஞ்சின் முதல்ல உன் பார்வைக் கோட்டுல யாராவது நிக்கிறாங்களான்னு தேடும். நேரா இல்லைன்னா 5.6 டிகிரி ஒரு பக்கம், 5.6 டிகிரி மறுபக்கம் தேடும். ஆள் கிடைச்சுட்டா, ரவை மேல போகணுமா கீழ போகணுமான்னு அதுவே முடிவு பண்ணிடும். நீ குடுத்த மேல்-கீழ் எஃப்ரேண்டம் அந்த இடத்துல செத்துப்போச்சு. பக்கவாட்டு ஆங்கிளை மட்டும் குறி வச்சு முடிச்சதுக்கு அப்புறம் கூட்டுது, அதனால அது பிழைச்சுக்குது. ஒரே வரிசை வர்றது இதனாலதான். செவுத்துல ஆள் இல்ல, ஆட்டோஎய்முக்கு வேலை இல்ல, ரெண்டு சிதறலும் வேலை செய்யுது.

ஃபிளாக் இடத்துல, அதான் கடைசி எஃப்ரேண்டமுக்கு முன்னால இருக்கிற சைபருக்குப் பதிலா எஃப்பிஎஃப்_நோஆட்டோஎய்ம் போடு. எஃப்பிஎஃப்_எய்ம்அட்ஆங்கிள்னு இன்னொண்ணு இருக்கு, அதைப் போட்டுக் குழப்பிக்காதே. அது திருப்புன ஆங்கிள்லயே போய் ஆளைத் தேடும். 7 ரவையில ஒண்ணு பக்கத்து வளைவுல நிக்கிறவனைப் பிடிச்சுக்கும்.


புளியரைக்காரன் | சனி, இரவு 10:58

சரியாயிட்டு அக்கா! ரொம்ப நன்றி.

ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கேன், பாருங்க. செவுத்துல நிறைய சுட்டுப் பார்த்தா சதுரமா வருது. துப்பாக்கி சதுரமாவா சிதறும்?


கழுவந்திட்டை | சனி, இரவு 11:02

லேய் மக்கா, இது ரவை இல்ல, கேரம்போர்டு.


மூணாறு_ரெண்டாம்_ஷிஃப்ட் | சனி, இரவு 11:20

ரெண்டு அச்சுலயும் தனித்தனியா -4 முதல் 4 வரைக்கும் எடுத்தா சதுரம்தான் வரும். மூலையில போற ரவை 5.66 டிகிரி தள்ளிப் போகும், நேர் பக்கத்துல போறது 4-லயே நின்னுடும். வட்டம் வேணும்னா திசையைத் தனியா, தூரத்தைத் தனியா எடு:

டபுள் திசை = எஃப்ரேண்டம்(0, 360);
டபுள் தூரம் = 4 * எஸ்கியூஆர்டி(எஃப்ரேண்டம்(0, 1));
டபுள் பக்கம் = தூரம் * காஸ்(திசை);
டபுள் மேல் = தூரம் * சைன்(திசை);

திசையை ஒரு தடவை எடுத்து வேரியபிள்ல வச்சுக்கோ. காஸுக்குள்ள ஒரு எஃப்ரேண்டம், சைனுக்குள்ள வேற எஃப்ரேண்டம்னு போட்டா அது வட்டம் இல்ல. இதைப் பல பேர் மாட்ல பாத்திருக்கேன்.

வர்க்கமூலம் (எஸ்கியூஆர்டி) எதுக்குன்னா, வட்டத்துல வெளியே போகப் போக இடம் அதிகம். வெறும் 4 * எஃப்ரேண்டம்(0, 1) போட்டா பாதி ரவை உள் பாதி ஆரத்துக்குள்ளயே விழும். அந்தப் பகுதி மொத்தப் பரப்புல கால்வாசிதான். நடுவுல குமிஞ்சு போகும்.


நகரி_தறி | ஞாயிறு, காலை 7:15

மூணாறு அக்கா சொன்ன கணக்கு சரிதான். ஆனா வர்க்கமூலம் போடலைன்னா அது தப்புன்னு யாரும் எடுத்துக்க வேணாம்பா. நடுவுல குமியறதுதான் பல பழைய கேம்ல வேணும்னே வச்சது.

1993-ல வந்த டூமை எடுத்துக்கோங்க. 1997 கடைசியில சோர்ஸை வெளிய விட்டாங்க, அதனால யார் வேணா பிரிச்சுப் பாக்கலாம். அதுல ரேண்டம்னு சொல்றது 256 எண் எழுதி வச்ச ஒரு பட்டியல். வரிசையா ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்கும், முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து. பிஸ்டலுக்குச் சிதறல் எப்படின்னா, அந்தப் பட்டியல்ல ஒரு எண்ணை எடுத்து, அடுத்த எண்ணை அதுல கழிச்சு, வர்ற விடையை ஆங்கிளோட கூட்டுறாங்க. கழிச்சா என்ன ஆகும்? சைபருக்குப் பக்கத்துல விடை வர வழி நிறைய, ஓரத்துல வர வழி கம்மி. முக்கோண வடிவத்துல பரவும். ஓரம் 5.6 டிகிரி. ஆனா பாதி தோட்டா 1.64 டிகிரிக்குள்ளயே போயிடும். ஒரே ஒரு கழித்தல்ல இவ்வளவு வேலை.

பிஸ்டல்ல முதல் தோட்டா நேரா போகும், விசையை விடாம பிடிச்சாதான் சிதற ஆரம்பிக்கும். ஷாட்கன் 7 ரவை, பக்கவாட்டுல மட்டும் சிதறும், மேல கீழ சுத்தமா கிடையாது. சூப்பர் ஷாட்கன்தான் 20 ரவை, ரெண்டு பக்கமும். நம்ம தம்பி முதல்ல பார்த்த ஒரே வரிசை, அசல் ஷாட்கன்ல வேணும்னே இருக்கிற குணம்!

1996-ல வந்த குவேக்ல வேற மாதிரி. ஆங்கிளே கிடையாது. முன்பக்க திசையோட, வலது திசையில கொஞ்சம், மேல் திசையில கொஞ்சம் ரேண்டமா கூட்டுவாங்க. சாதா ஷாட்கன் 6 ரவை, ரெண்டு பக்கமும் 0.04. டபுள் குழல் 14 ரவை, பக்கவாட்டுல 0.14, மேல கீழ 0.08. அகலமா சிதறுனா நிக்கிறவனை விட ஓடுறவனைப் பிடிக்க வசதி.


சாரல்_குற்றாலம் | ஞாயிறு, காலை 9:30

நகரி அண்ணா, அந்தக் கழித்தல்ல ஒரு வில்லங்கம் உண்டுல்லா? எதை முதல்ல எடுக்கணும்னு சி மொழி சொல்றதே இல்ல. ஒரு கம்பைலர் இடப்பக்க எண்ணை முதல்ல எடுக்கும், இன்னொண்ணு வலப்பக்கத்தை. பழைய டெமோ ரெக்கார்டிங் (கை அசைவை மட்டும் பதிஞ்சு வச்சு மறுபடி ஓட்டுறது) அங்கதான் பிசகிப் போகும். பூம் போர்ட் (டூம் சோர்ஸ்ல இருந்து வந்த இன்னொரு இஞ்சின்) செஞ்சவங்க அதுக்காகவே ரெண்டு வரியா உடைச்சு எழுதுனாங்க.


நகரி_தறி | ஞாயிறு, காலை 9:41

கரெக்ட். இடமும் வலமும் மாறுனா குறியே மாறிடும், இடப்பக்கம் போக வேண்டிய ரவை வலப்பக்கம் போகும். ஜிஇசட்-டூம்ல தம்பிக்கு அந்தக் கவலை இல்ல. ரேண்டம்2-ன்னு ஒண்ணு ரெடியா இருக்கு, அந்தக் கழித்தலை அதுவே செஞ்சு குடுக்கும்.


புளியரைக்காரன் | ஞாயிறு, காலை 11:12

எல்லாம் படிச்சேன். இப்ப எதைத்தான் வைக்கட்டும்? வர்க்கமூலம் போட்டதா, போடாததா, முக்கோணமா? 4 டிகிரியே சும்மா குத்துமதிப்பா போட்டதுதான். 3 வைக்கலாமா, 5 வைக்கலாமா?


மூணாறு_ரெண்டாம்_ஷிஃப்ட் | ஞாயிறு, மதியம் 1:25

டிகிரியில ஆரம்பிச்சா இப்படியே சுத்திக்கிட்டு இருப்பே. முதல்ல தூரத்தைச் சொல்லு. எவ்வளவு தூரத்துல நிக்கிறவன் மேல 7-ல எத்தனை படணும்? அதுல இருந்து பின்னால வா.

உன் பாலத்துல நிக்கிறவன் டூம்ல வர்ற சாதா எதிரி ஸோம்பிமேன் அளவுன்னு வச்சுக்குவோம். ஆரம் 20, உயரம் 56. நேரா பார்த்தா 40-க்கு 56 பெட்டி, பரப்பு 2240. 512 யூனிட் தூரத்துல 4 டிகிரின்னா சிதறல் வட்டத்தோட ஆரம் கிட்டத்தட்ட 36. பரப்பு 4000 சொச்சம். நடு மார்பைக் குறி வச்சா 100-க்கு 56 ரவை படும், அதாவது 7-ல 4. தூரத்தை இரட்டிப்பாக்கு, 1024. வட்டத்தோட பரப்பு நாலு மடங்கு ஆயிடும். 100-க்கு 14, 7-ல ஒண்ணு.

இதே 4 டிகிரியை வர்க்கமூலம் இல்லாம போட்டா 512-ல 5 படும், 1024-ல ரெண்டரை. கிட்டத்துல ஒரு ரவைதான் வித்தியாசம், தூரத்துல ரெண்டரை மடங்கு. ஆக நீ எந்தச் சூத்திரத்தை எடுக்குறேங்கறது, தூரத்துல இருக்கிறவனை இந்தத் துப்பாக்கி என்ன செய்யணுங்கறதைப் பொறுத்தது. எடுத்து எடுத்து மாத்திப் பாக்குற விஷயம் இல்ல.

என்னைக் கேட்டா வர்க்கமூலத்தைத் தூக்கிடு. வளைவுக்கு வளைவு சுடற மேப்ல, தூரத்துல ஒண்ணுமே படலைன்னா ஆடறவன் துப்பாக்கியை மாத்திட்டுப் போயிடுவான்.


புளியரைக்காரன் | ஞாயிறு, மாலை 4:03

அக்கா, கணக்கு புரிஞ்சுது. ஆனா இங்க அப்படி வரலியே. 512-ல நிப்பாட்டி வச்சு சுடுதேன், 4 இல்ல, 7-ம் படுது. எப்ப சுட்டாலும் 7.

இன்னொண்ணு, வளைவு ஓரமா நின்னு சுட்டா பாதி ரவை தூண்லயே முட்டிச் செத்துருது. குழல் நேரா வெளியதான் பாத்துக்கிட்டு இருக்கு.


கொழிஞ்சாம்பாறை | ஞாயிறு, மாலை 4:20

ரவையோட ஆக்டர் டெஃபினிஷனை (அதோட அளவு, வேகம் எல்லாம் எழுதற இடம்) முழுசா ஒட்டுங்க தம்பி.


புளியரைக்காரன் | ஞாயிறு, மாலை 4:26

கிளாஸ் நாட்டுரவை : ஆக்டர்
டீஃபால்ட்: ஸ்பீட் 50; டேமேஜ் 4; புரொஜெக்டைல்;
ஸ்டேட்ஸ் எல்லாம் வெறும் படம்தான், ஒட்டலை.


கொழிஞ்சாம்பாறை | ஞாயிறு, மாலை 4:31

ரேடியஸ், ஹைட் ரெண்டுமே எழுதலீங்களே. எழுதாம விட்டா ரேடியஸ் 20, உயரம் 16-ன்னு இஞ்சின் எடுத்துக்கும். உங்க ரவை ஒவ்வொண்ணும் அந்த ஸோம்பிமேன் அளவுக்கு அகலம். கண்ணுக்குப் பொட்டு மாதிரி தெரியறது படம் சின்னதுங்கறதால. மோதறது எல்லாம் 40 யூனிட் பெட்டிதான். தூணை அதான் இடிக்குது.

ரவை அகலமும் ஆள் அகலமும் சேத்தா குறியோட அகலம் 80, உயரம் 72. மூணாறு அக்கா சொன்ன 36 ஆர வட்டம் முழுக்க அதுக்குள்ள அடங்கிடும். அப்புறம் எப்படீங்க தப்பும்?

ரேடியஸ் 2, ஹைட் 4 போட்டுப் பாருங்க.


புளியரைக்காரன் | ஞாயிறு, மாலை 4:50

அடேங்கப்பா. போட்டதும் தூண்ல முட்டுறது நின்னுட்டு. 512-ல 4, 5 படுது. சில நேரம் 6. ஒரு தடவை ஒண்ணே ஒண்ணு.


முப்பந்தல்_காத்தாடி | ஞாயிறு, இரவு 8:10

அந்த "ஒண்ணே ஒண்ணு"தான் எனக்குப் பிடிக்காத விஷயம். அதைப் பேசணும்.

100-க்கு 56 வாய்ப்புல 7 ரவைன்னா, ஏறக்குறைய 30 சூட்டுக்கு ஒரு சூட்டுல ஒண்ணோ சைபரோதான் படும். குறி சரியா இருக்கு, தூரம் சரியா இருக்கு, எதிர்ல நிக்கிறவன் அசையக்கூட இல்ல. ஆனாலும் ஒண்ணும் ஆகல. ஆடறவன் அதுல என்னத்தைக் கத்துக்கிடுவான்? துப்பாக்கி பொய் சொல்லுதுன்னுதான் நினைப்பான்.

எங்க ஊர்ல ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து எப்பவும் ஒரே பக்கமா தள்ளும், அதனாலதான் இத்தனை காத்தாலை. ஒருத்தன் கல் எறிஞ்சா ரெண்டாவது கல்லுல காத்துக்குத் தக்கன தள்ளி எறிவான். அது கத்துக்கிடக்கூடிய பிசகு. ரேண்டம் பிசகை யாரும் கத்துக்கிட முடியாது. உங்க பாலமும் கணவாய்லதானே நிக்கு? சிதறலைப் பாதியா குறைச்சுட்டு, ரவை பறக்கும்போது மேக்க இருந்து காத்து தள்ளுற மாதிரி ஒரு டிக்குக்கு (ஆட்டக் கடிகாரத்தோட ஒரு துடிப்பு) இத்தனைன்னு வேகத்துல கூட்டிப் பாருங்க. புரொஜெக்டைலா வச்சதுக்கு அப்பதான் அர்த்தம். ஹிட்ஸ்கேன்ல இதைச் செய்ய முடியாதுல்லா.

சிதறல் கட்டாயம் வேணும்னா, அச்சு ஒண்ணு வச்சுக்கிடுங்க. ஒரு ரவை நடுவுல, மிச்சம் 6 ரவை சுத்தி 60 டிகிரிக்கு ஒண்ணா, 2.6 டிகிரி தள்ளி. ஒவ்வொரு சூட்டுக்கும் அந்த வளையத்தை மொத்தமா ரேண்டமா திருப்புங்க. ரவைக்கு ரவை 0.3 டிகிரி அளவுக்கு ஒரு சின்ன நடுக்கம் குடுங்க, அச்சுன்னு கண்ணுக்குத் தெரியாம இருக்க. 512-ல வளையத்தோட ஆரம் 23. பக்கவாட்டுல ஆளோட பாதி அகலம் 20. ஒரு இடம் வலம் தப்பும், மேலயும் கீழயும் தப்பாது. எப்படித் திருப்புனாலும் ஏறக்குறைய 5-க்குக் குறையாது. டீம் ஃபோர்ட்ரெஸ் 2-ல சர்வர் நடத்துறவங்களுக்கு நிரந்தரச் சிதறல்னு செட்டிங்கே உண்டு, இதே காரணத்துக்குத்தான்.


நகரி_தறி | ஞாயிறு, இரவு 8:44

எனக்கு ஒப்பு இல்லைபா. நாட்டுத் துப்பாக்கியில குழல் வழியா கையால ரவையைக் கொட்டிக் கெட்டிக்கிறது. ஒரு சூடு மாதிரி அடுத்த சூடு இருக்கவே கூடாது. அதுல போய் அச்சு வார்த்தா ஆயுதத்தோட குணமே போச்சு. தம்பி ராணுவத் துப்பாக்கி செய்யல.


முப்பந்தல்_காத்தாடி | ஞாயிறு, இரவு 8:52

குணம் வேற, நியாயம் வேற அண்ணா. புகையில, சத்தத்துல, நிரப்புற நேரத்துல குணத்தைக் காட்டுங்க. படுமா படாதாங்கறதுல காட்டுனா ஆடறவன் தலையிலதான் விடியும்.


நகரி_தறி | ஞாயிறு, இரவு 8:59

தனி ஆளா ஆடற மேப்புக்கு எதுக்குப்பா நியாயம்? ஸோம்பி வழக்கா போடப் போகுது?


கழுவந்திட்டை | ஞாயிறு, இரவு 9:03

கொள்ளாம், கொள்ளாம். நடத்துங்க.


தென்மலை_ரப்பர் | ஞாயிறு, இரவு 9:35

நான் யூனிட்டிங்கற வேற இஞ்சின்ல செஞ்ச கேமுக்கு மாட் எழுதறவன், டூம் தெரியாது. அங்க பட்ட ரெண்டு பாட்டைச் சொல்லிடறேன், தேடி வர்றவங்களுக்கு உதவும்.

ஒண்ணு: லூப்புக்குள்ள ஒவ்வொரு ரவைக்கும் புதுசா சிஸ்டம்.ரேண்டம் உருவாக்கக் கூடாது. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்ல அது கடிகாரத்தைப் பார்த்து விதை (ரேண்டம் வரிசை கிளம்புற எண்) எடுக்கும். லூப் ஓடற வேகத்துல கடிகாரம் நகரவே நகராது. எல்லா ரவைக்கும் ஒரே விதை, ஒரே திசை, செவுத்துல ஒரே ஒரு ஓட்டை. வெளியே ஒண்ணு உருவாக்கி வச்சுட்டு அதையே கேளுங்க. இல்லைன்னா யூனிட்டியோட ரேண்டம்.இன்சைட்யூனிட்சர்க்கிள், அது வர்க்கமூலக் கணக்கையும் சேர்த்தே செஞ்சுடும்.

ரெண்டு: வேகத்தோட எக்ஸ், ஒய், இசட் மூணுலயும் தனித்தனி ரேண்டம் கூட்டுனா திசை மட்டும் இல்ல, வேகமும் மாறும். ஒரு ரவை முந்தும், ஒரு ரவை பிந்தும். திசையை மட்டும் கலைச்சு, நார்மலைஸ் பண்ணி (நீளத்தை 1 ஆக்கி), அப்புறம் வேகத்தால பெருக்கணும்.

அப்புறம் யூனிட்டியில ரவையும் ரவையும் கிளம்புற இடத்துலயே மோதிக்கும், லேயரைப் பிரிச்சு வைக்கணும். டூம்ல எப்படி சேட்டா?


கொழிஞ்சாம்பாறை | ஞாயிறு, இரவு 9:50

டூம்ல மிஸைலும் மிஸைலும் ஒண்ணையொண்ணு கண்டுக்காதுங்க. அந்தத் தொல்லை இல்லை.


புளியரைக்காரன் | திங்கள், இரவு 10:20

ரெண்டு பேர் சொன்னதையும் போட்டுப் பார்த்தேன். முப்பந்தல் அண்ணன் சொன்ன வளையம் தூரத்துல நல்லாருக்கு, கிட்டத்துல ஒரே மாதிரி சலிப்பா இருக்கு. நகரி அண்ணன் சொன்ன முக்கோணம் கிட்டத்துல ஜோரா இருக்கு. காத்து இன்னும் போடலை.

இப்ப வேற ஒண்ணு. பாலத்து மேல தண்டவாளத்துல நின்னு கீழ ஆத்துல போறவனைச் சுட்டா, சிதறல் ஒடுங்கி நெட்டுக்குத்தா வருது. பக்கவாட்டுல பாதிகூட இல்ல. நோஆட்டோஎய்ம் போட்டுத்தான் இருக்கு.


மூணாறு_ரெண்டாம்_ஷிஃப்ட் | திங்கள், இரவு 11:05

எதிர்பார்த்தேன். பக்கவாட்டு ஆங்கிளை நீ கூட்டுறது தரைக்குச் சமமான தளத்துல. குனிஞ்சு பாக்கும்போது அதே 4 டிகிரி, காஸ்(குனிஞ்ச ஆங்கிள்) மடங்காச் சுருங்கும். 60 டிகிரி குனிஞ்சா சரியா பாதி. நேர் கீழ பார்த்தா பக்கவாட்டுன்னு ஒண்ணே இல்ல, ரவை நின்ன இடத்துல சுத்தும், அவ்வளவுதான்.

குறுக்கு வழி: பக்கம் / காஸ்(பிட்ச்). பிட்ச்னா குனிஞ்ச ஆங்கிள். 60-ல ரெண்டு மடங்கு ஆகி, சரியா வந்துடும். ஆனா 85 டிகிரியில 11 மடங்குக்கு மேல போகும், 90-ல வெடிக்கும். உன் பாலத்துல காலுக்கு நேர் கீழயே ஆத்துல ஆள் வருவான்னா இது ஆகாது.

நேர் வழி நகரிக்காரர் சொன்ன குவேக் முறைதான். முன், வலம், மேல்னு மூணு திசையையும் ஆங்கிள், பிட்ச்சுல இருந்து காஸ்-சைன் போட்டு எடு. புது திசை = முன் + வலம் * டான்(பக்கம்) + மேல்திசை * டான்(மேல்). அதை யூனிட் ஆக்கு. ஃபயர்புரொஜெக்டைலை ஆங்கிள் கூட்டாம சைபர்ல கூப்பிட்டா, அது உண்டாக்குன ரவையை முதல் மதிப்பா திருப்பிக் குடுக்கும். அதோட வெல்-ல (வேகம்) இந்தத் திசை * ஸ்பீடை எழுது. 'நல்' (ஒண்ணும் இல்லைங்கற மதிப்பு) வந்திருக்கான்னு முதல்ல பாரு, குழல் செவுத்தை ஒட்டி இருந்தா ரவை பிறந்த இடத்துலயே செத்திருக்கும். ஆங்கிளையும் புது திசைக்கு மாத்தி வை, இல்லைன்னா படம் ஒரு பக்கம் பாக்கும், ரவை ஒரு பக்கம் போகும்.


சாரல்_குற்றாலம் | செவ்வாய், காலை 8:12

நெட்வொர்க்ல ரெண்டு பேர் ஆடுற மாதிரி விடப்போறேன்னா ஒண்ணு கவனி. ஜிஇசட்-டூம்ல ஒவ்வொரு கம்ப்யூட்டரும் முழு ஆட்டத்தையும் தானே கணக்குப் போடும், கை அசைவு மட்டும்தான் வயர்ல போகும். ரேண்டம் வரிசை ரெண்டு பக்கமும் ஒண்ணாவே நகரணும். சிதறலுக்கு எஃப்ரேண்டம்[ரவைச்சிதறல்](0, 1)-னு பேர் வச்சுத் தனி வரிசை குடு. புகை, பொறி மாதிரி கண்ணுக்கு மட்டும் காட்டுறதை, ஒருத்தன் செட்டிங்ல அணைச்சு வைக்கக்கூடியதை, அந்த வரிசையில தொடவே விடாத. ஒருத்தன் புகையை அணைச்சா மறுத்தன் திரையில ரவை வேற பக்கம் போகும், ரெண்டு ஆட்டமும் பிரிஞ்சுடும்.

குவேக் 3-ல இதை வேற மாதிரி செஞ்சாங்க. ஷாட்கன்னுக்கு 11 ரவை. 11 திசையையும் அனுப்பாம, சர்வர் ஒரே ஒரு விதை எண்ணை அனுப்பும். வாங்கிக்கிட்ட கம்ப்யூட்டர் அதை வச்சு அதே 11 கோட்டைத் தானே வரைஞ்சுக்கும். சிக்கனம்தான். ஆனா விதையை ஆடறவன் கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்குப் போட முடியுற கேம்கள்ல, சிதறலுக்கு எதிர்ப்பக்கமா குறியைத் தள்ளிக் குடுக்குற ஏமாத்து வேலை வந்துட்டு.


தென்மலை_ரப்பர் | செவ்வாய், காலை 9:00

எதிரிக்கும் இதே 4 டிகிரியா? மைன்கிராஃப்ட்ல எலும்புக்கூடு விடற அம்புக்குப் பிசகு எண் 14-ல இருந்து கடினத்தை நாலால பெருக்கிக் கழிச்சது. ஈஸியில 10, நார்மல்ல 6, ஹார்டுல 2. நாம விடற வில்லுக்கு 1தான். ஈஸியில அதுங்க குறி தப்புறது நம்ம திறமைன்னு நினைச்சுக்கிட்டு ஆடிக்கிட்டு இருக்கோம்.


முப்பந்தல்_காத்தாடி | செவ்வாய், காலை 9:22

இதுக்கு நான் முழு சம்மதம். எதிரி சிதறல் ரேண்டமாவே இருக்கட்டும். தப்பிச்சவன் யாரும் புகார் குடுக்க மாட்டான்.


புளியரைக்காரன் | செவ்வாய், இரவு 11:30

முடிவு பண்ணிட்டேன். கேளுங்க.

ஆடறவன் துப்பாக்கி: நடுவுல ஒரு ரவை, அதுக்கு 0.3 டிகிரி நடுக்கம் மட்டும். மிச்சம் 6-ம் 60 டிகிரி துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்குள்ளயும் ரவை எங்க வேணா விழலாம், தூரம் மட்டும் வர்க்கமூலம் இல்லாம 4 டிகிரி வரைக்கும். எல்லாம் ஒரே பக்கம் குமியாது, ஒரே அச்சாவும் இருக்காது. 1024-ல குறி சரியா இருந்தா நடு ரவையாவது படுது. நகரி அண்ணன், முப்பந்தல் அண்ணன் ரெண்டு பேரும் பாதிப் பாதி கோவிச்சுக்கிடுங்க.

எதிரிக்கு வட்டமா முழு ரேண்டம், ஸ்கில் லெவலுக்குத் தக்கன 9, 6, 3 டிகிரி. மேல இருந்து சுடறதுக்கு அக்கா சொன்ன மூணு திசை முறை போட்டாச்சு, காலுக்கு நேர் கீழ சுட்டாலும் வட்டமா வருது. காத்து அடுத்த வெர்ஷன்ல.


நகரி_தறி | செவ்வாய், இரவு 11:41

கோவமெல்லாம் இல்லைபா. 9 டிகிரி ஈஸிக்கு ரொம்ப ஜாஸ்தி. வளைவுக்கு வளைவு தூரம் 256 இருந்தாக்கூட வட்டத்தோட ஆரம் 40 வரும், பாதிக்கு மேல ரவை உன்னைத் தொடாது. 7 வை.


ஆரியங்காவு_கேட் | புதன், காலை 6:50

நேத்து ராத்திரி டவுன்லோட் பண்ணி ஆடினேன். துப்பாக்கி நல்லாருக்கு. ஆனா தம்பி, மேல மீட்டர்கேஜ் தண்டவாளம் போட்டு வச்சிருக்கியே? 2018-லயே இந்த லைன் முழுசும் பிராட்கேஜ் ஓட ஆரம்பிச்சாச்சு. டெக்ஸ்சரை மாத்து.


புளியரைக்காரன் | புதன், காலை 7:05

மேப் நடக்குறது மீட்டர்கேஜ் காலத்துல அண்ணாச்சி, நாட்டுத் துப்பாக்கியைப் பாத்தாலே தெரியலியா? 7 டிகிரி வச்சு புது ஃபைல் ஏத்திட்டேன். ரேண்டம் வரிசைக்குப் பேர் மாத்தியிருக்கேன், பழைய ரெக்கார்டிங் வச்சிருக்குறவங்க அழிச்சுட்டுப் புதுசா எடுங்க.